நம்ம சாயக்காரர்

அனுசுயாவின் மென்பொருள் சாயப்பட்டறைக்கு டீ நேரம் குறித்துக் கொடுத்தது. ஒரு பனியன் கம்பெனிக்காக அவள் ஜாவாவில் எழுதியது அது. கம்பெனி அக்கவுண்டண்ட் கன்னையன் போனில் சிரித்தார்.

"ஏனுங்க, சாயக்காரரு எப்ப டீ குடிக்கோணும்னு நாமளா சொல்றது? அவரு வெளியாளுங்க, அவருக்கு நாம ஜாப் ஒர்க் குடுக்கறதோட சரிங்க."

தவறு எங்கே என்று அவளுக்கு உடனே பிடிபட்டது. கம்பெனியின் சொந்தப் பிரிவுகளுக்குப் பொது அச்சாக 'யூனிட்' என்று ஒரு கிளாஸ் எழுதி, சாயப்பட்டறையையும் அதன் வாரிசாக்கியிருந்தாள். ஷிப்டு, டீ, வார விடுமுறை எல்லாம் தாயிடமிருந்து பிள்ளைக்கு இறங்கிவிட்டன. வீட்டில் சிறுவயதிலிருந்து கேட்ட பேச்சு அப்படி. வெளியாளைக்கூட அப்பா 'நம்ம சாயக்காரர்' என்றுதான் சொல்வார். அந்த 'நம்ம'வை அவள் ரத்த உறவாக எழுதிவிட்டாள்.

வாரிசுரிமையை எடுத்துவிட்டாள். கம்பெனி சாயக்காரரைத் தெரிந்து வைத்திருந்தால் போதும். கேள்வி வந்தால் அவரிடம் அனுப்பி, பதிலை வாங்கித் தரும். எப்படிச் செய்கிறார் என்பது அவர் பாடு.

நிரல் ஓடியது. திரையைப் பார்த்தவளுக்கு வீட்டு யூனிட் நினைவுக்கு வந்தது.

நல்லூரில் அப்பா ராமர் நடத்தும் தையல் யூனிட் வீட்டுக்குப் பின்னால் இருந்தது. அவருக்கு முழங்கால் போய்விட்டது. தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு வந்து உட்கார் என்கிறார். அப்பாவின் நாற்காலியில் உட்கார அவளுக்குப் பயமில்லை. அதோடு கூடவே வரும் அவர் குணம்தான் பயம். போன ஞாயிறு ஒரு டெய்லரிடம், "கண்ணு முதுகுலயா இருக்கு?" என்று அவள் கத்தியது அப்பாவின் குரலாகவே கேட்டது.

நிரலைத் திருத்திய அன்று மாலை, யூனிட்டில் வைத்து அப்பாவிடம் சொன்னாள். "நான் வேலைய விடலப்பா. யூனிட்ட நூர்ஜான் அக்கா பாக்கட்டும்."

"எனக்கப்புறம் நீதானத்தா?"

"நான்தாம்ப்பா. ஆனா நடத்துறது அவங்க."

"சரக்கு வாங்குற பார்ட்டிக்காரன் உன்னத்தான கேப்பான்."

"கேக்கட்டும்."

அங்கே லைன் சூப்பர்வைசரான நூர்ஜான் தைத்த பீஸ்களை மடித்தபடியே, "நான் பாத்துக்கறேன் பாப்பா. ஆனா என் இஷ்டத்துக்குத்தான். ரேடியோ போடுவேன்," என்றாள்.

"ரேடியோவா? பாட்டுக்கு ஆடிக்கிட்டுத் தச்சா தையல் கோணிக்கிட்டுப் போகும்," என்றார் ராமர்.

"நீங்க கத்துறப்பவே நேராத்தான தச்சோம் அண்ணாச்சி."

ராமர் முழங்காலைத் தடவிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை.

தை பிறந்து சில நாட்களில், அனுசுயா ஆபீசில் இருக்கும்போது யூனிட்டில் சரக்கு எடுக்கும் காதர்பேட்டை பனியன் வியாபாரி ஒருவர் போனில் கூப்பிட்டார். சரக்கு இன்று வருமா என்று கேட்டார். அப்பாவாக இருந்தால் யோசிக்காமல், "வந்துரும்" என்றிருப்பார். அந்தச் சொல் அவள் தொண்டை வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"ஒரு நிமிசம் இருங்க, கேட்டுச் சொல்றேனுங்க."

நூர்ஜானை அழைத்தாள். போனை எடுத்ததும் முதலில் பாட்டுத்தான் கேட்டது.