சும்மா பேருக்கு

மெஹ்ரீனுக்குப் பேர் கேசட்டில்தான் வந்தது. அவள் அத்தா மன்சூர் அப்போது அரபு நாட்டில், தம்மாமில் வேலையில் இருந்தார். பேசிப் பதிவு செய்து, ஊருக்கு வந்த யாரிடமோ கொடுத்தனுப்பியிருந்தார். அது பாலக்கரைக்கு வந்து சேரும்வரை குழந்தை வெறும் பாப்பாதான். டேப்ரெக்கார்டரைத் தொட்டிலோரம் வைத்து, கணவரின் குரல் பிள்ளையின் காதில் விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்த ரஷீதா அன்றைக்கு மனதில் ஒன்று முடிந்துகொண்டாள். என் மகளுக்குப் பிள்ளை பிறந்தால், அதன் காதில் பேர் சொல்கிற வாய் பக்கத்திலேயே இருக்க வேண்டும், அது என் வாயாக இருக்க வேண்டும்.

இப்போது மன்சூர் இல்லை. மெஹ்ரீன் ஷார்ஜாவில் கணவன் ஹாலித்தோடு, நிறைமாதமாக இருக்கிறாள். ரஷீதாவின் பெட்டி கட்டில் அடியில் தயாராக இருக்கிறது, பாஸ்போர்ட்தான் இல்லை. புதுப்பிக்கக் கொடுத்ததை நிறுத்திவைத்துவிட்டார்கள். அவள் மேல் கிரிமினல் வழக்கு இருக்கிறதாம்.

எல்லாம் ஒரு வார்த்தையில் வந்தது. மன்சூர் போனபின் அவள் தென்னூரில் ஒரு ஃபிளாட்டுக்குக் குடிவந்தாள். அங்கே அவள் பேர் யாருக்கும் வேண்டியிருக்கவில்லை. சிலருக்கு மெஹ்ரீன் அம்மா. மதிலோரம் பூ விற்கும் மலர்க்கொடிக்குப் பாய் வீட்டம்மா. ஒருநாள் குடியிருப்போர் சங்கச் செயலாளராக இருந்த ஸ்டீபன்ராஜ் வந்து கதவைத் தட்டினார். திருவெறும்பூர் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்.

“ரஷீதா மேடம், எனக்கு சுகர் ஏறிப்போச்சு. செகரட்டரியா உங்களைப் போட்டுடலாம்னு எல்லாரும் சொல்றாங்க.”

“எனக்கு அதெல்லாம் என்னங்க தெரியும்?”

“தெரியவே வேணாம். சும்மா பேருக்குத்தான். வேலையெல்லாம் நான் பார்த்துக்கறேன்.”

அவர் சொன்னதில் அவள் காதில் நின்றது ‘ரஷீதா மேடம்’ மட்டும். டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்தாள். கையெழுத்தும் போட்டாள். அதன்பின் லிஃப்டிலும் படியிலும் அவளை அப்படியே கூப்பிட்டார்கள். அவளுக்கு அது பிடித்திருந்தது. பிடித்திருந்ததை யாரிடமும் சொல்லவில்லை.

மதில் சாய்ந்திருப்பதை அவள்தான் முதலில் பார்த்தாள். வேப்பமரத்தின் வேர் அடியில் புகுந்து, சுவர் ரோட்டுப் பக்கம் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நின்றது. ஸ்டீபன்ராஜிடம் சொன்னாள். “மழை முடியட்டும் மேடம், கொத்தனாரைக் கூப்பிடறேன்,” என்றார். சொல்லிவிட்டோமே என்று அவள் நிம்மதியாகிவிட்டாள். மழை முடியவில்லை. சுவர்தான் முடிந்தது. அடியில் சிக்கிய மலர்க்கொடியின் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது.

“சம்பளம் வாங்காத வேலைக்கா கேஸு?” என்று வக்கீல் ஆரிஃபாவிடம் கேட்டாள் ரஷீதா. ஆரிஃபா மெஹ்ரீனோடு படித்தவள்.

“சட்டம் சம்பளத்தைக் கேக்காது ஆன்ட்டி. கட்டடத்துக்குப் பொறுப்பு யாருன்னு கேக்கும். பதிவுல உங்க பேருதான் இருக்கு.”

“நான் சும்மா பேருக்குத்தானேம்மா…”

“பேருதான் ஆன்ட்டி கோர்ட்டுக்கு வேணும்.”

வழியும் அவளே சொன்னாள். வழக்கை நடத்தினால் வருஷக்கணக்கில் இழுக்கும். வெளிநாடு போக அனுமதி மனு போட்டாலும் எப்போது கிடைக்குமென்று தெரியாது. குற்றத்தை ஒத்துக்கொண்டால் அநேகமாக அபராதத்தோடு அன்றைக்கே முடியும். “ஆனா ரெகார்டுல நிக்கும். யோசிச்சுக்கங்க.”

யோசிக்க என்ன இருந்தது? ஒத்துக்கொண்டால் மகளிடம் போகலாம். ஆனால் அவளுக்கு உறுத்தியது வேறு. செய்யாததை ஒத்துக்கொள்கிறோம் என்றால்கூட நெஞ்சு நிமிர்ந்திருக்கும். அவள் அந்தச் சுவரைத் தினம் பார்த்தவள். அதன் கீழே உட்கார்ந்திருந்தவளிடம் பேரம் பேசி மல்லிகை வாங்கியவள். ‘கொஞ்சம் தள்ளி உட்காரும்மா’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குச் சங்கம் வேண்டாம், கொத்தனார் வேண்டாம். நம் வேலை இல்லை என்று இருந்துவிட்டாள். அப்படியானால் மேடம் என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தவள் யார்?

கோர்ட்டில் வேப்பமரத்தடி பெஞ்சில் மலர்க்கொடி ஊன்றுகோலோடு உட்கார்ந்திருந்தாள். ஸ்ரீரங்கத்திலிருந்து ஒன்னாம் நம்பர் பஸ்ஸில் வந்திருக்கிறாள். ரஷீதாவைப் பார்த்ததும் எழப் பார்த்தாள்.

“உக்காரும்மா, உக்காரு.”

“பாய் வீட்டம்மா, சத்தியமா நான் உங்களைச் சொல்லலைங்க. எனக்கு உங்க பேரே தெரியாது. ‘செகரட்டரி யாரு’ன்னு போலீஸ்காரர் கேட்டாரு. மாடில நின்ன அத்தனை பேரும் ஒரே குரல்ல சொன்னாங்க. அப்பத்தான் எனக்கே தெரியும், நீங்க ரஷீதான்னு.”

“கால் எப்படி இருக்கு?”

“மழை வந்தா முன்னாடியே சொல்லிடுதும்மா. ரேடியோ தேவையில்லை.” சிரித்தாள். ரஷீதாவால் சிரிக்க முடியவில்லை.

“சுவர் சாயறது எனக்குத் தெரியும் மலர்க்கொடி.”

மலர்க்கொடி கோலைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தாள். “எனக்குந்தான் தெரியும். நிழலா இருந்துச்சேன்னு உக்காந்தேன்,” என்றாள் கடைசியில்.

கோர்ட் அறை வாசலில் நின்ற டவாலி நீட்டி முழக்கினார். “ரஷீதா பேகம்… ரஷீதா பேகம்… ரஷீதா பேகம்!” பள்ளிக்கூடத்துக்குப் பிறகு அவள் பேரை இவ்வளவு சத்தமாக யாரும் கூப்பிட்டதில்லை. எத்தனை வருஷம் இதற்காகக் காது காத்திருந்தது! முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

ஒத்துக்கொள்கிறீர்களா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். அவள் ஆமாம் என்றாள். உண்மைக்காகச் சொன்னாளா, மகளுக்காகச் சொன்னாளா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. அபராதத்தோடு விட்டார்கள்.

வெளியே வந்து, அணைத்து வைத்திருந்த போனைப் போட்டதும் ஷார்ஜாவிலிருந்து அழைப்புகள் வரிசையாக விழுந்தன. பிள்ளை முந்திக்கொண்டு விடிகாலையிலேயே பிறந்துவிட்டது. பெண்.

“தீர்ப்பு நகல் வாங்கணும், போலீஸ் விசாரணை முடியணும். ஒரு மாசமாவது ஆகும் ஆன்ட்டி,” என்றாள் ஆரிஃபா, தலையைக் குனிந்துகொண்டு.

ஃபிளாட் வாசலில், மதில் இருந்த இடத்தில் கட்டியிருந்த நீலத் தார்ப்பாய்க்குப் பக்கத்தில் ஸ்டீபன்ராஜ் நின்றிருந்தார்.

“முடிஞ்சுதாமே மேடம். நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை மீட்டிங். வேற யாரும் செகரட்டரிக்கு ஒத்துக்க மாட்டேங்கறாங்க. சும்மா பேருக்கு நீங்களே—”

“உங்க பேரு நல்லாத்தானே இருக்கு சார்? அதைப் போட்டுக்கங்க.”

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தினாள். போனில் மெஹ்ரீனின் முகம் வீங்கியிருந்தது. அருகே துணிச் சுருளுக்குள் கொஞ்சூண்டு நெற்றி.

“ஹாலித் காதுல பாங்கு சொல்லிட்டாரும்மா. பேரு மட்டும் வைக்கலை. அவ நன்னிம்மா நீங்க வந்துதான். அதுவரைக்கும் பாப்பான்னே கூப்பிடறோம்.”

பாப்பா. ரஷீதா கட்டிலில் உட்கார்ந்தாள். கேசட் வரும்வரை காத்திருந்த அந்த நாட்களில், பேர் இல்லாத பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கும் அறைக்கும் நடந்தது நினைவுக்கு வந்தது. அப்போது மன்சூர் மேல் எவ்வளவு கோபம்! அவர் அங்கே பாஸ்போர்ட்டை முதலாளியிடம் கொடுத்துவிட்டு எப்படி உட்கார்ந்திருந்திருப்பார் என்று அன்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை. இன்றைக்கு நினைத்தாள். அவரிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது.

“காக்க வைக்காதே மெஹ்ரீன். போனை அவ காதுகிட்ட வை.”

“அம்மா, நீங்க ஆசைப்பட்டது…”

“வைம்மா.”

திரை இருண்டது. துணி உரசும் சத்தம். பிறகு மூச்சு, சின்ன, ஈரமான மூச்சு. ரஷீதா கண்ணை மூடிக்கொண்டாள். டவாலியின் குரல் இன்னும் காதில் இருந்தது. அது அடங்கட்டும் என்று காத்திருந்தாள்.

“தஸ்லிமா,” என்றாள், பக்கத்தில் படுத்திருப்பவளிடம் சொல்வதுபோல. “தஸ்லிமா, நன்னிம்மா வரேன்.”