மூன்றில் நிற்காத அலசல்

முதலாளியின் சட்டை ஏழாவது முறையாக அலசப்பட்டுக்கொண்டிருந்தது. மூன்றோடு நிறுத்த வேண்டிய வாஷிங் மெஷின் அது. முதலாளி பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணாடிக் கதவுக்குள் சுழலும் தன் சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் சட்டையையே போடுங்க, பாத்துடுவோம்" என்று காலையில் கழற்றிக் கொடுத்த வீரமெல்லாம் இறங்கிவிட்டது. பதினொரு மணிக்கு மெஷினை வாங்குகிறவர்கள் வந்துவிடுவார்கள். ப்ரோகிராம் முடிந்தால்தான் கதவு திறக்கும்.

"பதினொண்ணுக்குள்ள சட்டை வரலேன்னா, அசெம்பிளியும் வேணாம், அதை எழுதுறவரும் வேணாம். எல்லாத்தையும் சி-லயே எழுதிக்கலாம்" என்றார்.

மெஷினை ஓட்டும் ப்ரோகிராமை இரண்டு பேர் இரண்டு கணினி மொழிகளில் எழுதினார்கள். சிப்புக்கு நேரடியாகக் கட்டளை போடும் அசெம்பிளியில் எழுதுகிறவர் அவளுடைய வீட்டுக்காரர். சி என்ற மொழியில் எழுதுகிறவள் அவள். மோட்டாரைச் சுற்றவிடும் துண்டு அவருடையது. எத்தனை அலசல் ஆயிற்று என்று எண்ணி நிறுத்துவது அவளுடையது. இங்கே வேலை போனால், தன் வீட்டுக்காரரை வேறு எந்த ஆபீஸ் பொறுத்துக்கொள்ளும்?

"என் கோட்ல தப்பே வராது. நேத்து இடம் பத்தலைன்னு கம்பைலர்ல என்னமோ மாத்தினது நீதானே?" என்று வீட்டுக்காரர், மேஜையிலிருந்த முதலாளியின் பேனாவை எடுத்து, தன் பக்க நியாயத்தைத் தாளில் கட்டம் கட்டமாக வரைந்தார்.

அவள் எழுதும் சி-யைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றித் தரும் கம்பைலரில் கைவைத்தது அவள்தான். ஆனால் தன் வரிகளை மூன்று தடவை சலித்துப் பார்த்துவிட்டாள், ஒரு குறையும் இல்லை. எரிச்சலில், மெஷினில் கேபிளைக் கட்டியிருந்த கயிற்று முடிச்சையாவது வெட்டிவிடலாம் என்று இழுப்பறையைத் திறந்தாள்.

"என்னங்க, கத்தரிக்கோல் எங்க?"

"இங்கதான் எங்கயோ வச்சேன்."

வீட்டிலும் இதே கூத்துதான். நகவெட்டி, டார்ச், அவளுடைய குடை. எடுப்பார், வேலையை முடிப்பார். திருப்பி வைக்கிற வழக்கமே கிடையாது. இழுப்பறையில் அவள் கை அப்படியே நின்றது.

சிப்புக்குள் ரெஜிஸ்டர் என்று சின்னச் சின்னப் பெட்டிகள் உண்டு. எண்ணிக்கை கொஞ்சம்தான், அசெம்பிளியும் சி-யும் அவற்றைப் பங்குபோட்டுக்கொள்ள வேண்டும். சி வைத்திருக்கும் பெட்டியை அசெம்பிளி தொட்டால், உள்ளே இருந்ததை ஓரமாக வைத்துவிட்டு, முடிந்ததும் இருந்தபடியே திருப்பி வைக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். நேற்றுவரை அலசல் எண்ணிக்கை மெமரியில் பத்திரமாக இருந்தது. நேற்றைய மாற்றத்தில் கம்பைலர் அதை ஒரு பெட்டிக்குக் கொண்டுபோய்விட்டது. இவர் அதே பெட்டியை எடுத்துப் பயன்படுத்திவிட்டு, பூஜ்யத்தோடு போட்டுவிட்டுப் போயிருக்கிறார். பாவம் மெஷின், அதற்கு ஒவ்வொரு அலசலும் முதல் அலசல்.

"ரெண்டே வரிங்க. எடுத்து வைக்க ஒண்ணு, திருப்பி வைக்க ஒண்ணு. போடுங்க."

அவர் திரையைப் பார்த்தார். இரண்டு வரியையும் போட்டார்.

புது ப்ரோகிராமை ஏற்றினார்கள். ஒன்று. இரண்டு. மூன்று. மெஷின் நின்றது. 'டக்' என்று கதவு திறந்தபோது மணி பத்து ஐம்பத்திரண்டு.

ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டே, "யாரோட தப்பு?" என்று கேட்டார் முதலாளி.

அவள் வாயைத் திறப்பதற்குள், "என்னோடதுதான் சார்" என்றார் வீட்டுக்காரர். "எடுத்ததை எடுத்த இடத்துல வைக்கலை. இனிமே வைப்பேன்." கல்யாணமாகிப் பதினொரு வருஷத்தில் இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதில்லை. அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"சரி, ரெண்டு பேரும் இருந்து தொலைங்க" என்று முதலாளி ஒப்புதல் தாளில் கையெழுத்துப் போட உட்கார்ந்தார். மேஜையைத் தடவினார். தாள்களைத் தூக்கிப் பார்த்தார்.

"இங்க இருந்த என் பேனா எங்கய்யா?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை நீட்டி, வீட்டுக்காரரின் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்துக் கொடுத்தாள்.