பிந்துவின் கோட்டு

காலையில் வேலை தொடங்கியதுமே மாதங்கியின் கண்கள் எரியத் தொடங்கிவிட்டன. ஹப்சிகுடாவிலுள்ள அந்தத் தனியார் பரிசோதனைக்கூடத்தில், ஃபார்மலின் திரவ டப்பாக்களைத் திறந்து, சோதனைக்கு வந்த சதைத் துண்டுகளைக் கழுவி அடுக்குவது அவள் வேலை. ஒவ்வொரு மூடியைத் திருகும்போதும் நெடி மூக்கிலேறித் தொண்டையை அறுத்தது. சன்னலிலிருந்த காற்றாடி ஓடாமல் போய் வெகுகாலமாகிறது.

போட்டிருந்த வெள்ளைக் கோட்டு அவளுடையதல்ல. காண்ட்ராக்டில் வேலை பார்ப்பவளுக்கு வயிறு வெளியே தெரிந்தால் அடுத்த வருஷம் வேலை கிடையாது. அதனால் யாராவது உண்டானால் கூட இருக்கும் பெண்களே தொளதொளவென்று ஒரு கோட்டைத் தேடிக் கொடுத்துவிடுவார்கள். போன வருஷம் பிந்து இதே கோட்டுக்குள் ஏழு மாதத்தை ஒளித்து, இதே மேசையடியில் சுருண்டு விழுந்தாள். குழந்தை உயிரோடு வரவில்லை; பிந்துவும் அப்புறம் வேலைக்குத் திரும்பவில்லை.

மாதங்கிக்கு இது ஐந்தாம் மாதம். தனியாக இருக்கும்போது முதுகுக்குப் பின்னால் பிந்துவின் வறட்டு இருமல் கேட்கும். திரும்பிப் பார்க்க மாட்டாள்.

இன்று பொத்தான் இறுக்கியது. குனிந்து பார்த்தாள். வயிறு வளர வளர பிந்து பொத்தானை நகர்த்தித் தைத்த ஊசித்தடங்கள் வரிசையாகத் தெரிந்தன. கடைசித் தடத்துக்கு அப்பால் துணி வெறுமையாக இருந்தது. கோட்டைக் கழற்றினாள்.

"கல்பகம் அக்கா, இதைப் போட்டா நானும் பிந்து நின்ன இடத்துலதான் போய் நிப்பேன்."

பக்கத்து மேசைக் கல்பகம் பொத்தான் இருந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். "ஒத்தாசைன்னு நினைச்சு நாமதான்டி அவளை மறைச்சோம். வா, முதலாளிகிட்ட போவோம், நானும் வரேன்."

எதிர் மேசை நித்யஸ்ரீயும் கையுறையை உருவிவிட்டுப் பின்னால் வந்தாள்.

முதலாளி ஸ்ரீனிவாஸ் மாதங்கியின் வயிற்றைத்தான் முதலில் பார்த்தார்.

"எனக்கு அந்த ரூம் வேண்டாம் சார். வேற வேலை குடுங்க. பிரசவ லீவும் வேணும்."

"காண்ட்ராக்டுக்கு லீவெல்லாம் நக்கோம்மா, கிடையாது. வீட்ல ரெஸ்ட் எடு. நாளைக்கே வேற பொண்ணு வருவா."

"அவளும் இந்தக் கோட்டுக்குள்ளதான் ஒளியணுமா?" கல்பகம் அதை அவர் மேசைமேல் விரித்தாள். "இது பிந்துவோடது."

அவர் நாற்காலியைப் பின்னுக்கு நகர்த்தினார். "கைக்கு, எதுக்கு இப்ப அந்தப் பேச்சு? போய் வேலையைப் பாருங்க."

"மாதங்கிக்கு ஒரு வழி சொல்லுங்க, அப்புறம் வேலையைப் பார்க்கிறோம்." கல்பகம் தன் கோட்டையும் கழற்றி அதன்மேல் வைத்தாள். நித்யஸ்ரீயும் வைத்தாள்.

மூவரும் வெளியே வந்து வாசற்படியில் உட்கார்ந்தார்கள். வேலை போய்விடும் என்ற பயம் மாதங்கிக்குப் போகவில்லை. உள்ளே டப்பாக்கள் திறப்பாரில்லாமல் கிடந்தன. ரத்தம் எடுக்கும் பிரிவிலிருந்து இன்னும் இரண்டு பெண்கள் கோட்டில்லாமல் வந்தார்கள்.

"தள்ளி உக்காரு," என்றாள் ஒருத்தி.

மாதங்கி நகர்ந்தாள். வயிற்றுக்குள் குழந்தை உதைத்தது.