பாஞ்சாலி வராத நாள்கள்

கம்ப்யூட்டரின் டிரைவ் இரண்டு தடவை கொர்ரென்று இழுத்துவிட்டு ஓய்ந்தது. கறுப்புத் திரையில் பச்சை எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது. பிளாப்பியைப் படிக்க முடியவில்லை என்று அதற்கு அர்த்தம். செண்பகம் அதை வெளியே எடுத்து ஊதினாள், மறுபடி சொருகினாள். மறுபடியும் அதே கொர். அவள் நாற்காலிக்குப் பின்னால் துவைத்த சேலை கட்டிக்கொண்டு, ஈரத் தலையை முடிந்துகொண்டு நின்ற பாஞ்சாலி எட்டிப் பார்த்தாள்.

"இன்னா பாப்பா, பொட்டி செருமிக்கினு இருக்குது?"

செண்பகம் இன்னொரு பிளாப்பியை எடுத்துச் சொருகினாள். அதுவும் கொர்ரென்றது.

எண்பத்தெட்டாம் வருஷத்து விஜயதசமி காலை அது. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற ரோட்டில் விதை மல்லாட்டை, அதுதான் விதைக்கான வேர்க்கடலை, உடைக்கிற கிடங்கு ஒன்று இருந்தது. எழுபத்திரண்டு பெண்கள் வரிசையாக உட்கார்ந்து நாள் முழுக்க மல்லாட்டை உடைப்பார்கள். கிடங்கின் ஆபீசில் அந்த வருஷம்தான் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அந்தக் காலத்தில் கம்ப்யூட்டர் என்றால் இப்போது மாதிரியா என்ன? அதற்குத் தனி அறை, தனித் திரைச்சீலை, ஊரிலேயே யாருக்கும் இல்லாத ஏசி. உள்ளே போகிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் போவார்கள். தலைமை கிளார்க் வெங்கடாசலம் அறை வாசலில் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்ளாத குறை. விழுப்புரத்தில் ஆறு மாதம் கம்ப்யூட்டர் படித்த செண்பகத்துக்கு இருபத்து மூன்று வயதுதான். ஆனாலும் ஆபீசே அவளை 'மேடம்' என்று கூப்பிட்டது. அந்த மேடத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலை கனத்தது உண்மைதான். யாருக்குத்தான் கனக்காது.

முந்தின நாள் ஆயுத பூஜை. தராசு, தையல் மிஷின், சாக்கு தைக்கிற ஊசி, வெங்கடாசலத்தின் சைக்கிள் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்தாகிவிட்டது. கம்ப்யூட்டர் பெட்டிக்கும் நாமமும் குங்குமமும் போட்டார்கள். கடைசியில் பிளாப்பி; அந்தப் பெட்டி எதையும் தனக்குள் வைத்துக்கொள்ளாது, எல்லாம் இதில்தான். விரித்த கை அளவுக்குச் சதுரமாக, கறுப்பாக இருந்த அந்த அட்டையில் பொட்டை எங்கே வைப்பது? செண்பகம் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கீழ்ப்பக்கமாக நீள்வட்டத்தில் ஒரு வெட்டு. அதன் வழியாக உள்ளேயிருந்த பழுப்புத் தட்டு வழவழவென்று தெரிந்தது. பார்த்தால் நெற்றி மாதிரியே இருந்தது. சந்தனத்தைக் குழைத்து அங்கே ஒரு வட்டம், அதன் நடுவில் குங்குமம். முன்னெச்சரிக்கையான பெண் அவள். அதிலிருந்த ஃபைலை இன்னொரு பிளாப்பியில் காப்பி எடுத்து வைத்திருந்தாள். சாமிக்கு முன்னால் ஒன்றுக்கு மட்டும் வைத்தால் நன்றாக இருக்காதே என்று அதையும் கொண்டுவந்து பக்கத்தில் வைத்து, அதற்கும் நெற்றி நிறைய வைத்தாள். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது.

அந்த ஃபைலில் இருந்தது எழுபத்திரண்டு பெண்களின் வருகை. கட்டம் கட்டமாக, இரண்டு வருஷத்துக்கு, மாதவாரியாக யார் எத்தனை நாள் வேலைக்கு வந்தார்கள் என்ற விவரம். இரண்டு வருஷத்தில் நானூற்று எண்பது நாள் வந்திருந்தால் அவர்களை நிரந்தரமாக்க வேண்டும் என்று சட்டம் வந்து வருஷக்கணக்கு ஆகிவிட்டது. இப்போதுதான் கடலூரிலிருந்து தொழிலாளர் அதிகாரி திங்கட்கிழமை வருகிறார், பட்டியலைத் தயாராக வையுங்கள் என்று கடிதம் வந்திருந்தது. பிரிண்டருக்கு மெட்ராஸிலிருந்து ரிப்பன் வரவில்லை. சரி, வருகை எழுதிய பழைய மஸ்டர் புத்தகங்கள்? 'எல்லாம் பொட்டில ஏறிடுச்சே, இன்னும் எதுக்கு எடத்த அடைச்சிக்கினு' என்று வெங்கடாசலம் அவற்றை எடைக்குப் போட்டு ஒரு மாதம் ஆகிறது. போட்ட வாரம் முழுக்கத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் வறுத்த மல்லாட்டைப் பொட்டலமெல்லாம் இந்தப் பெண்களின் பெயர்கள்தான்.

கூட்டல் மட்டும்தான் பாக்கி. பூஜையில் வைத்ததை விஜயதசமியன்று எடுத்துத் தொட்டு வேலை தொடங்கினால் விருத்தியாகும் என்று செண்பகம் அதை அன்றைக்கென்று வைத்திருந்தாள். தன் கூட்டுத்தொகையைக் காதால் கேட்க வேண்டுமென்று பாஞ்சாலி லீவு நாளிலும் குளித்துவிட்டு வந்திருந்தாள். பதினோரு வருஷமாக அந்தக் கிடங்கில் உட்கார்ந்தவள். புருஷன் போன பிறகு அவளுக்கு இருந்த பிடி இந்த வேலை ஒன்றுதான்.

"யக்கா, தப்பு பண்ணிட்டேன். உள்ளார சந்தனம் போயிடுச்சி. படிக்க மாட்டேங்குது."

பாஞ்சாலி பிளாப்பியை வாங்கித் திருப்பிப் பார்த்தாள். திட்டுவாள் என்று செண்பகம் எதிர்பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"பேஜாரு தான். எங்க எட்துக்கினு போனா சரியாவும்?"

"விழுப்புரத்துல எங்க சார் இருக்காரு. அவருக்குத் தெரியலன்னா ஒருத்தருக்கும் தெரியாது."

"அப்ப ஜல்தி கெளம்பு. நானும் வர்றேன். அதுக்குள்ள என் பேரு இருக்குது, உன்ன நம்பி ஒண்டியா அனுப்ப மாட்டேன்" என்றாள் பாஞ்சாலி. சொல்லும்போது கொஞ்சம் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் செண்பகத்துக்கு மூச்சு வந்தது.

பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தது. பஸ்ஸுக்கும் வாழைக்கன்று கட்டி, கண்ணாடியில் சந்தனம் தெளித்திருந்தார்கள். செண்பகத்துக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை. இரண்டு பிளாப்பியையும் ஒரு நோட்டுக்குள் வைத்து பாஞ்சாலி மடியில் வைத்துக்கொண்டாள். மயிலம் கூட்டுரோட்டில் ஏறிய ஆள் ஒருவர் மேலே சாய, "யோவ், தள்ளி நில்லு, எழுபத்திரண்டு பேரு குந்திக்கினு இருக்காங்க" என்றாள். அந்த ஆள் அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டுத் தள்ளி நின்றார்.

விழுப்புரத்தில் ரயில் நிலையத்துக்குப் போகிற தெருவில், ஒரு பேட்டரிக் கடைக்கு மாடியில் இருந்தது தேவசகாயம் சாரின் கம்ப்யூட்டர் சென்டர். விஜயதசமிக்குப் புதுசாகப் பிள்ளைகளைச் சேர்க்க அப்பா அம்மாக்கள் தாம்பாளத்தோடு வந்திருந்தார்கள். சார் வேதக்காரர், சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனால் யார் கொடுத்த சுண்டலையும் அவர் மறுக்கவில்லை. செண்பகம் படித்த காலத்து அதே பெஞ்சு, அதே ஈரத் துணி வாசனை, விரிசல் விட்ட அதே கரும்பலகை. கறுப்புத் திரையில் தன் பெயர் முதன்முதலாக வந்தபோது கைதட்டிய நாள் அவளுக்கு ஞாபகம் வந்தது. அன்றைக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தாள். இன்றைக்கு இந்த மூஞ்சியோடு வந்து நிற்கிறாளே என்று இருந்தது.

தேவசகாயம் பிளாப்பியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். சிரிப்பை அடக்க ரொம்பப் பாடுபட்டார்.

"ஏம்மா, அது நெத்தி இல்ல, கண்ணு. கண்ணுல போய் யாராவது சந்தனம் பூசுவாங்களா?"

"சார், சரி பண்ணிடலாமா?"

"கழுவணும். பத்திரிகையில படிச்சிருக்கேன். செஞ்சது கெடையாது."

கீழே பேட்டரிக் கடையிலிருந்து பேட்டரிக்கு ஊற்றுகிற சுத்தத் தண்ணீர் ஒரு பாட்டில் வந்தது. பெட்டிக்கடையிலிருந்து ஒரு பாக்கெட் ஷாம்பு. பிளேடால் கறுப்பு உறையின் ஓரத்தை மெல்ல அறுத்து, உள்ளேயிருந்த தட்டை அவர் வெளியே எடுத்தார். அப்பளத்தைவிட மெலிசாக, தொளதொளவென்று இருந்தது அது. சந்தனம் காய்ந்து ஒரு பக்கம் அடையாக ஒட்டியிருந்தது. ஒரு கீறல் விழுந்தால் அந்த இடத்தில் இருப்பது போனது போனதுதான் என்று சொல்லிக்கொண்டே விரலைக் கொண்டுபோனார். தொடாமலே திரும்ப எடுத்துக்கொண்டார்.

"குடு சாரே, நான் கழுவறேன்" என்றாள் பாஞ்சாலி.

அவர் செண்பகத்தைப் பார்த்தார். செண்பகம் தலையாட்டினாள். விதை மல்லாட்டை உடைப்பது வெறும் ஓட்டை உடைக்கிற வேலை இல்லை. உள்ளே பருப்பின் சிவப்புத் தோலில் நகம் படக்கூடாது. தோல் கீறினால் முளைக்காது. பதினோரு வருஷத்தில் பாஞ்சாலி உடைத்த மூட்டையில் கீறல் பருப்பு என்று ஒன்று திரும்பி வந்ததில்லை. அவள் தட்டைத் தண்ணீரில் விட்டு, நகத்தை உள்ளே மடக்கிக்கொண்டு, விரல் சதையால் மட்டும் தடவினாள். குங்குமம் முதலில் கரைந்தது. சந்தனம் பிடிவாதம் பிடித்தது. அவள் அவசரப்படவே இல்லை. ஊறட்டும் என்று விட்டாள், பிறகு தடவினாள். அறைக்குள் இருந்தவர்களெல்லாம் தாம்பாளத்தோடு சுற்றி வந்து நின்றார்கள்.

"எம்பேரு கூட சேந்து கரைஞ்சிடாதே, சாரே?"

"அது கரையாதும்மா. இது மேல இருக்கற அழுக்கு. அது உள்ள இருக்கு."

இரண்டு தட்டையும் கழுவி, மெல்லிய வேட்டித் துணியில் பரப்பி, காற்றாடிக்குக் கீழே காயவைத்தார்கள். ஒரு மணி நேரம். யாரோ கொடுத்த சுண்டலை இரண்டு பேரும் கையில் வைத்துக்கொண்டு தின்னாமல் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு இரண்டு புது பிளாப்பிகளின் உறைக்குள் அந்தத் தட்டுகளைத் தேவசகாயம் சொருகினார். ஒன்றில் கெட்டிருந்த இடம் மற்றதில் நன்றாக இருந்தது. இரண்டையும் துண்டு துண்டாக எடுத்து ஒட்டுப்போட்டு, மதியச் சோற்று நேரமும் தாண்டியபிறகு, கடைசியாகக் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்தினார். டிரைவ் இழுத்தது. இந்தத் தடவை செருமவில்லை. கட்டங்கள் ஒவ்வொரு வரியாக மேலே ஏறின.

செண்பகம் வாய்விட்டு அழுதுவிட்டாள். அழுதுகொண்டே பெயர்களைப் படித்தாள். அறுபத்தொன்றுக்கு வந்ததும் அழுகை நின்றது. அதிலிருந்து நாலு வரியில் பெயர் மட்டும் இருந்தது. கட்டங்கள் காலி. அறுபத்து மூன்றாவது பெயர் பாஞ்சாலி.

"இந்த நாலுக்கும் ரெண்டு தட்டுலயும் இல்லம்மா" என்றார் தேவசகாயம். "இவங்களையே கேட்டுப் போடு. கூட வேல செஞ்சவங்களும் மேஸ்திரியும் கையெழுத்துப் போட்டா ஒத்துக்குவாங்க."

மற்ற மூன்று பேரும் திண்டிவனத்துக்காரர்கள், நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம். செண்பகம் பாஞ்சாலியைப் பக்கத்தில் உட்காரவைத்து, மாதம் மாதமாக எத்தனை நாள் வந்தாள் என்று கேட்டாள்.

"வந்த நாள எப்பிடி பாப்பா சொல்றது? எல்லாம் ஒன்னு போலத்தான் இருந்துது. வராத நாள கேளு. ஒன்னு உடாம சொல்றேன்."

கிடங்கு அந்த இரண்டு வருஷத்தில் ஓடிய நாள் மேல் வரியில் இருந்தது. ஐந்நூற்று இருபத்திரண்டு. பாஞ்சாலி கண்ணை மூடிக்கொண்டு சொல்ல ஆரம்பித்தாள். புருஷன் போனதுக்குப் பதினாறு நாள். பதினேழாம் நாள் காலையில் வந்துவிட்டாள். பிரம்மதேசத்தில் மகளுக்குப் பிரசவம், பன்னிரண்டு நாள், குழந்தை குறுக்கே கிடந்து பாடாய்ப் படுத்திவிட்டது. ஊரெல்லாம் கண்ணு நோவு வந்தபோது ஐந்து. ஏரி உடைந்து வழி இல்லாமல் மூன்று. விரலில் ஓடு குத்திச் சீழ் வைத்தது நாலு நாள், அந்த வடு இதோ. மயிலத்தில் பங்குனி உத்திரத்துக்கு வருஷத்துக்கு ஒன்றாக இரண்டு. ஒவ்வொன்றையும் செண்பகம் அந்தந்த மாதத்தில் கழித்துப் போட்டாள். ஒருத்தியின் இரண்டு வருஷத்துச் சாவும் பிறப்பும் நோவும் அந்தச் சின்னக் கட்டங்களில் அடங்கிவிட்டதே என்று அவளுக்கு மனசு என்னமோ செய்தது. கடைசியில் கூட்டல் போட்டாள்.

"யக்கா, நானூத்தி எம்பது. கரெக்டா நானூத்தி எம்பது. நீ பர்மனெண்டு."

பாஞ்சாலி திரையைப் பார்த்தாள். கையிலிருந்த சுண்டலைப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"வராத நாளு இன்னும் ஒன்னு இருக்குது, பாப்பா."

தேவசகாயம் தனக்குக் காதில் விழவில்லை என்பதுபோல் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"போன கார்த்திகை கழிஞ்சி ஒரு வியாழக்கெழம. கூழு தூக்கிக்கினு வேலைக்குத்தான் வந்தேன். கிடங்கு வாசல்ல காலு நிக்கல. அப்பிடியே நடந்து பெருமுக்கல் மலைக்குப் போயிட்டேன். மஸ்டர்ல என் பேர கூப்புட்டப்ப பக்கத்துல குந்தற அம்சா கொரல் குடுத்துட்டா. அன்னிக்கி கூலிய அவளுக்கே குடுத்துட்டேன்."

"அப்ப மஸ்டர்ல வந்ததாத்தான இருந்துது. புக்குல இருந்ததத்தான் நாம போடறோம். ஒரு நாளு கொறைஞ்சாகூட பர்மனெண்டு போயிடும். உட்டுடுக்கா" என்றாள் செண்பகம். குரல் கெஞ்சியது.

"உட்டா இன்னா ஆவும்? அன்னிக்கும் நான் குந்திக்கினு மல்லாட்டை ஒடைச்சேன்னு ஆயிடும். ஒடைக்கல பாப்பா. செத்ததுக்கு இல்ல, பொறந்ததுக்கு இல்ல, நோவுக்கு இல்ல. அந்த ஒரு நாளுதான் எனக்குன்னு இருந்துது. அத்த எப்பிடி தூக்கி கிடங்குக்கு குடுக்கறது?"

செண்பகத்தின் விரல் அந்த ஒன்றைக் கழிக்க வேண்டிய பொத்தான்மேல் இருந்தது. அழுத்தவும் முடியவில்லை, எடுக்கவும் முடியவில்லை. பாஞ்சாலி அவளைப் பார்க்கவில்லை. காற்றாடிக்குக் கீழே மறுபடி கண்ணை மூடிக்கொண்டு, மலைமேல் பாறை எப்படி வெதுவெதுவென்று இருந்தது, கடல் பக்கமிருந்து காற்று எப்படி வந்தது, கூழைக் குடித்துவிட்டுச் சாய்ந்தவள் எப்படிப் பொழுது சாயும்வரை தூங்கினாள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனாள். திரையில் நானூற்று எண்பதுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைக் கோடு விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது.