பக்கத்து சீட்

கடைத்தெருவில் அவனுக்குப் பெயர் சவுண்டு. கார்களுக்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் மாட்டிக் கொடுப்பது தொழில் என்பதால் வந்த பெயர். மற்றபடி ஆள் நாலு வார்த்தை சேர்ந்தாற்போலப் பேசினால் அன்றைக்கு மழைதான். அவனிடம் இருந்த ஒரே திமிர், இடமில்லை என்று எந்த வண்டியையும் திருப்பி அனுப்பியதில்லை என்பது. டாக்ஸி, ஸ்கூல் வேன், ஐஸ்கிரீம் வண்டி, ஒரு தடவை பிணம் ஏற்றுகிற வண்டிக்குக்கூட மாட்டியிருக்கிறான். அதில் யார் பாட்டுக் கேட்கப் போகிறார்கள் என்று யாரோ கிண்டல் செய்ததற்கு, டிரைவர் இருக்கிறாரே என்றான். அந்தத் திமிர்தான் அவன் அக்காவின் ஆசையில் மண்ணை அள்ளிப் போட்டது.

அக்கா என்றால் பேருக்கு அக்கா இல்லை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு அவனைத் தூக்கி நிறுத்தியவள். ஆஸ்பத்திரி லேபில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை பார்த்துக்கொண்டே அவனைத் தொழில் படிக்க வைத்தாள். கடைக்கு இடம் பிடித்துக் கொடுத்தாள். தன் கல்யாணத்தை அதுவரைக்கும் தள்ளிப் போட்டாள். கடைசியில் வந்து வாய்த்தவர் அத்தான்.

அத்தானைத் தெருவில் இன்ஜினியர் என்பார்கள். உண்மையில் இன்சூரன்ஸ் ஆபீஸில் கோப்பு தள்ளுகிறவர். கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. குடி கிடையாது, கை ஓங்குவது கிடையாது. அவருக்குப் பிடித்திருந்த ஒரே பைத்தியம் ஒரு ஸ்போர்ட்ஸ் கார். கடையில் போய் ஓட்டிக்கொண்டு வருகிற கார் இல்லை. இரும்புக் குழாய்ச் சட்டம், ஃபைபர் உடம்பு, பெட்டி பெட்டியாய் நட்டு போல்ட்டு என்று துண்டு துண்டாக வீட்டில் வந்து இறங்கும். வாங்கினவனே பொருத்திக்கொள்ள வேண்டும். மேலே கூரை கிடையாது. சீட் இரண்டே இரண்டு. ஒரு வருஷத்தில் முடித்துவிடுவேன் என்று மார்தட்டினார். ஷெட்டுக்குள் எத்தனையோ வருஷம் ஓடியது, வண்டி மட்டும் ஓடவில்லை.

அவ்வளவு காலமும் டார்ச் பிடித்தவள் அக்கா. ஸ்பானர் எடுத்துக் கொடுத்தவள், ஃபைபர் தூசியில் உடம்பெல்லாம் அரித்துக்கொண்டே சட்டத்தின் மறுமுனையைத் தூக்கிப் பிடித்தவள். பிரேக்குக்குள் இருக்கிற காற்றை வெளியேற்ற ஒருத்தர் பெடலை மிதிக்க வேண்டும், ஒருத்தர் கீழே படுத்துக் குழாயைத் திறந்து மூட வேண்டும். "மிதி... பிடி... விடு" என்று கீழேயிருந்து குரல் வர, ஒரு சாயங்காலம் முழுக்க அவள் மிதித்தாள். நடுவில் வேறு ஊரில் ஒரு புது ஆஸ்பத்திரியில், லேப் முழுவதையும் அவள் பொறுப்பில் விடுவதாகச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "பாதி வண்டிய எப்படிம்மா பேத்து எடுத்துட்டுப் போறது?" என்றார் அத்தான். அவள் போகவில்லை. வேலையைப் பெயர்த்து எறிவது சுலபம் போலிருக்கிறது.

அதற்கெல்லாம் ஈடாக அவருக்குச் சொல்ல ஒரு வாக்கியம் இருந்தது. "பக்கத்து சீட் உனக்குத்தான். முடியட்டும், கடலோர ரோட்டுல ஒரே அழுத்து, நீயும் நானும்." அவள் அதைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை வருஷத்தையும் ஓட்டினாள். சிரிக்க வேண்டாம். ஒன்றுமே இல்லாதவர்களுக்கு அதுவே பெரிது.

ஒரு வழியாக வண்டி கிளம்பியது. முதல் ஓட்டம் வீட்டைச் சுற்றி நாலு தெரு. திரும்பி வந்ததும் அக்கா தம்பிக்கு போன் போட்டாள். "டேய், என்ன சத்தம்டா! காதுக்குள்ள இன்னும் ரீங்காரம் போடுது. நான் என்னமோ கத்தறேன், அவர் என்னமோ கத்தறார், ரெண்டு பேருக்கும் ஒண்ணும் கேக்கல. முடியைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன்." சிரித்துச் சிரித்து அவளுக்குப் புரையேறியது. அக்கா இப்படிச் சிரித்து அவன் கேட்டதே இல்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை கடலோர ரோட்டுக்குப் போகிறோம், ஷிப்ட்டை மாற்றிக்கொண்டு லீவு வாங்கிவிட்டேன் என்றாள். "அதுக்குள்ள பாட்டு வேணுங்கறார் உங்க அத்தான். சட்டுனு முடிச்சுக் குடுடா."

மறுநாள் வண்டி கடைக்கு வந்தது. சவுண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தான். கதவு என்று இருந்தது வெறும் தகடு. ஸ்பீக்கர் புதைக்க ஆழம் இல்லை. டேஷ்போர்டுக்குப் பின்னால் வைப்பர் மோட்டாரும் வயர்க் கத்தையும் அடைத்துக்கொண்டிருந்தன. சீட்டுக்குப் பின்னால் கை வைத்தால் பெட்ரோல் டேங்க். நடுவில் கியர்பாக்ஸ் சூடு. சீட்டுக்கு அடியில் விரல்கூட நுழையவில்லை. அவனுக்குக் குஷி வந்துவிட்டது. கஷ்டமான வண்டி என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

கால் வைக்கிற இடத்தின் ஓரங்களில் சின்ன ஸ்பீக்கர் இரண்டு, டேஷ்போர்டு அடியில் கைக்கு அடக்கமான ஒரு ஆம்ப். தரை முழுக்க அதிர்வைத் தடுக்கிற ஷீட் ஒட்டினான். அத்தானை வரவழைத்துப் பக்கத்தில் உட்காரவைத்து ஓட்டிக் காட்டினான். முதல் கியரில் பாட்டு கேட்டது. இரண்டாவதில் பாடகியின் குரல் மட்டும் கேட்டது. மூன்றாவதில் அவளும் போய்விட்டாள். புகைக்குழாய் போடுகிற கூச்சலிலும் காற்றிலும் பேஸ் என்கிற அடித்தொனி மொத்தமாகக் கரைந்து போயிற்று. அதை ஈடுகட்ட வேண்டுமானால் பெரிய ஸ்பீக்கர் வேண்டும், அதற்குப் பெரிய பெட்டி வேண்டும்.

கடைக்குத் திரும்பியதும் அத்தான் இறங்கி நின்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

"ஊர்ல இருக்கறவன் காரெல்லாம் உன்கிட்ட வந்துட்டுப் போனா தெருவே அதிருது. சொந்தக்காரன்னா மட்டும் இளக்காரமா மாப்ள?"

"அப்படியெல்லாம் இல்ல அத்தான். இடந்தான்..."

"இடமில்லையா? நீயா இதைச் சொல்றே?"

பக்கத்துக் கடை டயர்க்காரர் இதைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். சவுண்டுக்குச் சுருக்கென்றது. அளவு நாடாவை இழுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்குள் தலையை விட்டான். எங்கெங்கோ அளந்தான். பிறகு கை தானாகப் பக்கத்து சீட்டின் பக்கம் போயிற்று. சீட்டு இருந்த அகலம், கால் நீட்டுகிற பள்ளம், அதற்கு மேலே திறந்த வெளி. மனசுக்குள் பெட்டி உருவாகிவிட்டது. எவ்வளவு காற்று கொள்ளும், ஸ்பீக்கர் எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்பதுவரை தெரிந்துவிட்டது.

"இந்த சீட்டை எடுத்துட்டா போதும், பிரமாதமா வரும்" என்றான்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டான். விளையாட்டுக்குச் சொன்னேன் என்று அந்த இடத்திலேயே முடித்திருக்கலாம். அத்தானும் ஒரு கணம் அந்த சீட்டைப் பார்க்கத்தான் செய்தார். ஒரு கணம்தான்.

"எடுத்துடு. அவளுக்கு எப்படியும் இந்தச் சத்தம் ஒத்துக்காது. அன்னிக்கே காதைப் பொத்திக்கிட்டுதான் வந்தா."

அது காதைப் பொத்தினது இல்லை, முடியைப் பிடித்துக்கொண்டது என்று அவனுக்குத் தெரியும். வாயைத் திறக்கவில்லை. பெட்டியின் வளைவை எப்படி எடுப்பது என்பதில் புத்தி போய்விட்டது. வேலை என்று வந்துவிட்டால் அவன் கண்ணுக்கு மனுஷர்கள் மறைந்துவிடுவார்கள். அதைத் திறமை என்று ஊர் மெச்சியது.

நாலு போல்ட்டைக் கழற்றியதும் சீட் வெளியே வந்துவிட்டது. தரையின் வளைவுக்குத் தகுந்தாற்போல ஃபைபர் துணியும் ரெசின் பசையுமாக அடுக்கடுக்காகப் போட்டுப் பெட்டி செய்தான். பெட்டி ஆடினால் கடகடவென்று சத்தம் வரும், அதுவும் அவனுக்குப் பொறுக்காது. அதனால் தரையோடு தரையாக ஒட்டிவிட்டான். ரெசின் காய்ந்துகொண்டிருந்தபோது அக்காவின் போன் வந்தது.

"முடிஞ்சுதாடா?"

"ஆயிடும்க்கா."

"தலைக்குக் கட்ட நல்லதா ஒரு ஸ்கார்ஃப் வாங்கிட்டேன். காதுக்குப் பஞ்சும் எடுத்து வெச்சிருக்கேன். பாட்டு கேக்காமப் போயிடுமோ? பஞ்சு வேணாமா?"

அவன் பெட்டியைப் பார்த்தான். "பாத்துக்கலாம்க்கா" என்றான். இதைவிடக் கேவலமான பதிலை அவன் வாழ்க்கையில் சொன்னதில்லை. அத்தான் வீட்டில் சொல்லியிருப்பார், இல்லாவிட்டால் சொல்லிக்கொள்வார் என்று தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டு ஸ்விட்சை வயரில் பொருத்தப் போய்விட்டான்.

கடைசி வேலை, சத்தத்தைச் சீர்படுத்துவது. எந்த ஸ்பீக்கர் காதுக்குப் பக்கம், எது தூரம் என்று பார்த்து, எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும்படி அமைக்க வேண்டும். இரண்டு பேர் உட்காருகிற வண்டியில் அதுதான் தலைவலி. டிரைவருக்கு நன்றாக வைத்தால் பக்கத்தில் இருப்பவருக்குக் கெடும். அவனும் நடுவாக, இரண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்துத்தான் வைப்பான். இந்த வண்டியில் விட்டுக்கொடுக்க ஆளே இல்லை. எல்லாவற்றையும் ஒரே தலைக்கு வைத்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவனே அதை ஓட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனபோது, மூன்றாவது கியரிலும் பாட்டு நெஞ்சுக்குள் இறங்கியது. தான் செய்ததிலேயே இதுதான் சிறந்த வேலை என்று நினைத்தான். வெட்கக்கேடு என்னவென்றால், அது உண்மைதான்.

அக்கா வாசலில் நின்றாள். ஸ்கார்ஃப் கட்டியிருந்தாள். பிளாஸ்க்கும் கையுமாக, தோளில் பை. வண்டி வந்து நின்றதும் சிரித்துக்கொண்டே சுற்றி வந்தவள், பக்கத்துக் கதவில் கை வைத்தபடி அப்படியே நின்றுவிட்டாள். உள்ளே கறுப்புத் துணி ஒட்டிய பெட்டி, வழவழவென்று, அந்த இடத்துக்கே பிறந்தது மாதிரி உட்கார்ந்திருந்தது.

அத்தான் சட்டையைச் சரிசெய்துகொண்டே வெளியே வந்தார். அவர் வீட்டில் சொல்லவில்லை என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

"யார் யோசனை இது?" என்றாள் அக்கா.

"உன் தம்பிதான்! மூளைன்னா அது மூளை. ஒரு பொட்டு இடம் இல்லாத வண்டியில எப்படிக் கொண்டுவந்து வெச்சிருக்கான் பாரு" என்றார் அத்தான். மனசாரத்தான் பாராட்டினார்.

அக்கா தம்பியைப் பார்த்தாள்.

"நீயாடா?"

அவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அவரா இருக்கும்னு நெனச்சேன். அவர்னா இன்னிக்கு இந்த வீடு ரெண்டாயிருக்கும்" என்றாள். குரல் உயரவே இல்லை.

"இதுக்கெதுக்கு மூஞ்சியத் தூக்கறே? உனக்குத்தான் சத்தம் ஆகாதே. அன்னிக்குக் காதைப் பொத்திக்கிட்டு வரல?"

"முடியைப் பிடிச்சுக்கிட்டு வந்தேன்" என்றாள்.

அத்தான் அதற்குள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகிவிட்டார். இன்ஜின் உறுமியது, மேலே பாட்டு ஏறியது. ஒரு சுற்றுப் போய்விட்டு வருகிறேன் என்று கையைக் காட்டிவிட்டுப் போனார். திருப்பத்தில் மறைந்த பிறகும் புகைக்குழாயின் கூச்சல் கேட்டது. பாட்டு கேட்கவில்லை. அது ஓட்டுகிறவருக்காக வைத்தது, தூரத்தில் நிற்பவர்களுக்குக் கேட்காதுதான்.

"எடுத்துடறேன்க்கா. நாளைக்கே அறுத்து எடுத்துடறேன்" என்றான் தம்பி. "சீட்டு கடையிலதான் இருக்கு. பத்திரமா வெச்சிருக்கேன்."

"அறுத்தா தரை போயிடாது?"

தரையும் சேர்ந்துதான் வரும். அவ்வளவு நன்றாக ஒட்டியிருந்தான்.

"அன்னிக்கு போன்ல கேட்டேனேடா. பஞ்சு வேணுமா வேணாமான்னு கேட்டேன். அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?"

"அத்தான் சொல்லியிருப்பார்னு..."

"சரி, விடு."

ஸ்கார்ஃபை அவிழ்த்துப் பைக்குள் திணித்தாள். போனை எடுத்து ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். இன்றைக்கு வேறு ஆள் வேண்டாம், தானே வந்துவிடுகிறேன், லீவு தேவைப்படவில்லை என்றாள். அங்கே ஏதோ கேட்டிருக்க வேண்டும். "ஒண்ணுமில்ல, சும்மாதான்" என்று சிரிக்கக்கூடச் செய்தாள். வீட்டைப் பூட்டிக்கொண்டு நடந்தாள். அவனுடைய வேன் கடையில் நின்றதால் அவனுக்கும் பஸ்தான். பின்னாலேயே போனான். வழியெல்லாம் ஏதாவது ஒரு வார்த்தை தேடினான். தொழில் வார்த்தைகளைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என்பதால் பஸ்ஸில் அவ்வளவாகக் கூட்டம் இல்லை. அக்கா ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பக்கத்தில் காலியாக இருந்தது. அவன் உட்காரப் போனான். அவள் வெளியே பார்த்தபடியே தோளிலிருந்த பையைக் கழற்றி அங்கே வைத்தாள். அவன் மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வரைக்கும் நின்றான்.