சிந்தாமணிக்குக் கால் வலிக்கிறதா என்று மணிவேலைக் கேட்டார்கள்

1

இது கட்டுரையாகப் பிறந்திருக்க வேண்டியது. கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரைகளை ஒப்பிட்டு, எது எப்படி வேலை செய்யும், எதனால் என்ன தொந்தரவு வரும் என்று எளிய தமிழில் எழுதித் தரச் சொல்லி ஒரு பத்திரிகை என்னிடம் கேட்டது. எனக்கும் கொலஸ்ட்ரால் உண்டு என்பதால் ஒப்புக்கொண்டேன். பாதி எழுதியும் விட்டேன். அந்த நேரம் பார்த்துப் பெரம்பலூரில் ஒரு கிளினிக்குக்குப் போய்த் தொலைத்தேன்.

அந்தக் கிளினிக்கில் ஒரு வழக்கம். நேரம் மிச்சமாகட்டும் என்று அடுத்த நோயாளியையும் டாக்டர் அறைக்குள்ளேயே ஒரு பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார்கள். ஒருவர் வியாதி இன்னொருவர் காதில் விழும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். நோயாளி மனைவி.

"கால் வலி எப்படி இருக்கு?" என்றார் டாக்டர்.

"பரவால்ல சார்," என்றார் கணவர்.

"தூக்கம்?"

"நல்லாத் தூங்குறா சார்."

"மூச்சு கீச்சு வாங்குதா?"

"அதெல்லாம் இல்ல சார்."

மனைவி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் டாக்டர் அவரைப் பார்த்து ஒன்றே ஒன்று சொன்னார்: "நாக்க நீட்டுங்க." ஆக, அந்த அம்மாளுக்கு நாக்கு இருப்பது அவருக்குத் தெரியும்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வீட்டுக்கு வந்ததும் கட்டுரையைக் கிழித்துப் போட்டேன். அந்த இருவரின் பெயர்கூட எனக்குத் தெரியாது. நானே பெயர் வைத்தேன், ஊர் கொடுத்தேன். இனி வருவதெல்லாம் நான் உண்டாக்கியது. கோபம் மட்டும் உண்டாக்கியதில்லை.

2

முதல் தொடக்கம்: "எறையூர்ப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் சத்துணவுக் கூடத்தில் சிந்தாமணி சோற்று அண்டாவை இறக்கியபோது, அடுப்புப் புகையினூடே அவர் முகத்தில் ஒரு தியாகச் சுடர்—"

[அடித்தாயிற்று. வலிக்கிற காலுக்குத் தியாகத்தைப் பூசிவிட்டால், வலிப்பதுதான் நியாயம் என்றாகிவிடும்.]

இரண்டாம் தொடக்கம்: "கொலஸ்ட்ராலின் பெரும்பகுதியை நம் உடம்பே தயாரித்துக்கொள்கிறது. கல்லீரலில் நடக்கும் அந்தத் தயாரிப்பை மட்டுப்படுத்துவதே ஸ்டேட்டின்களின் பணி. இவ்வகையில் அட்டோர்வாஸ்டேட்டின், ரோசுவாஸ்டேட்டின், சிம்வாஸ்டேட்டின் ஆகியன—"

[கிழித்துப் போட்ட கட்டுரை திரும்ப வந்து ஒட்டிக்கொள்கிறது.]

மூன்றாம் தொடக்கம். இது நிற்கட்டும்:

சிந்தாமணிக்கு ஐம்பத்தைந்து வயது. ஒல்லியான உடம்பு. சத்துணவுக் கூடத்தில் சமையல். போன வருஷம் மாரடைப்பு வந்து, திருச்சியில் இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்தார்கள். அன்றிலிருந்து தினம் அட்டோர்வாஸ்டேட்டின் எண்பது மில்லிகிராம். ஆயுசுக்கும் சாப்பிட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அவர் கணவர் மணிவேல், கரும்பாலையில் எடை போடும் இடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருக்கு இதயத்தில் கோளாறு இல்லை, கொலஸ்ட்ரால் மட்டும் கூடுதல். அதே மாத்திரை, இருபது மில்லிகிராம். இரண்டு பேருக்கும் ஒரே டாக்டர். இரண்டு பேருக்கும் கால் வலி வந்தது.

3

மணிவேலுக்குத்தான் முதலில் வந்தது.

"சார், தொடையெல்லாம் அடிச்சுப் போட்டாப்புல இருக்கு. படி ஏற முடியல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "அந்த மாத்திரைய நிறுத்துங்க. தசைக்குன்னு ஒரு ரத்தப் பரிசோதனை இருக்கு, எடுத்துப் பாத்துருவோம். சில பேருக்கு இது ஒத்துக்காது."

சில வாரம் இடைவெளி விட்டு, ரோசுவாஸ்டேட்டின் ஐந்து மில்லிகிராம் எழுதிக் கொடுத்தார். வலி போயிற்று. நல்ல வைத்தியம். அதில் நான் ஒரு குறையும் சொல்ல மாட்டேன்.

பிறகு சிந்தாமணிக்கு வந்தது. அதையும் மணிவேல்தான் சொன்னார்.

"இவளுக்கும் கால் வலிக்குதுங்குறா சார்."

"சமையல் வேலதானே? நாளெல்லாம் நிக்கிறாங்க, அண்டா தூக்குறாங்க. வலிக்காம என்ன செய்யும்? கால்சியம் எழுதுறேன்."

சிந்தாமணி வாயைத் திறந்தார். "இல்லீங்க, இது வேற மாதிரி—"

"சார்தான் சொல்றாருல்ல," என்றார் மணிவேல்.

அண்டாவை அவர் வருஷக்கணக்காகத் தூக்கிக்கொண்டிருக்கிறார். கால் இப்போதுதான் வலிக்கிறது. மணிவேலும் ஆலையில் நின்று வேலை பார்த்தவர்தான். அவர் கால் வலித்தபோது யாரும் ஆலையைக் குற்றம் சொல்லவில்லை, மாத்திரையைத்தான் சந்தேகப்பட்டார்கள். ஆணுக்கு வலித்தால் மருந்தின் கோளாறு, பெண்ணுக்கு வலித்தால் வேலையின் கோளாறு. எந்த மருத்துவக் கல்லூரியில் இதைச் சொல்லிக் கொடுக்கிறார்கள்?*

* நியாயமாக ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஸ்டேட்டின் சாப்பிடுகிறவர்களுக்கு வரும் தசை வலியில் பெரும்பகுதி அந்த மாத்திரையால் வருவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. மருந்தே இல்லாத வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கிட்டத்தட்ட அதே அளவு வலித்திருக்கிறது. சிந்தாமணியின் வலி தைராய்டாலும் இருக்கலாம், நிஜமாகவே அண்டாவாலும் இருக்கலாம். சரி, எதனால் என்று பார்க்க வேண்டுமா வேண்டாமா? அதே ஆய்வுகளில் இன்னொன்றும் இருக்கிறது. மாத்திரையால் தசை வலி வரும் வாய்ப்பு கூடுதலாக உள்ளவர்கள் யார் யார் என்றால், பெண்கள், ஒல்லியானவர்கள், அதிக அளவு மருந்து சாப்பிடுகிறவர்கள். சிந்தாமணி மூன்றிலும் இருக்கிறார். மணிவேல் ஒன்றில்கூட இல்லை.

(பத்திரிகைக்காரர் கோபித்துக்கொள்ளக் கூடாது. அவர் கேட்ட ஒப்பீட்டையும் இங்கேயே அடைப்புக்குறிக்குள் கொட்டிவிடுகிறேன். அட்டோர்வாஸ்டேட்டினும் ரோசுவாஸ்டேட்டினும் வலுவானவை, எந்த நேரத்திலும் சாப்பிடலாம். சிம்வாஸ்டேட்டின் பழையது, ராத்திரியில் சாப்பிடச் சொல்வார்கள், வேறு சில மருந்துகளோடு சேர்ந்தால் வம்பு. ஒன்று ஒத்துக்கொள்ளாதவருக்கு இன்னொன்று ஒத்துக்கொள்வதுண்டு. சர்க்கரை லேசாக ஏறலாம். கடும் தசை வலியோடு சிறுநீர் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அது அபூர்வம். இதைப் படித்துவிட்டு யாராவது தாங்களாக மாத்திரையை நிறுத்தினால் அந்தப் பாவம் என்னைச் சேராது.)

4

காலைப் பலகாரம் முடிந்ததும் இரண்டு பேருக்கும் மாத்திரை எடுத்து வைப்பது சிந்தாமணியின் வேலை. மணிவேலுக்குத் தன் மாத்திரை எந்த டப்பாவில் இருக்கிறது என்று தெரியாது. கையை நீட்டுவார், விழும், விழுங்குவார்.

ஒரு நாள் சிந்தாமணி யோசித்தார். இதுவும் கொலஸ்ட்ரால் மாத்திரை, அதுவும் கொலஸ்ட்ரால் மாத்திரை. அவருக்கு அந்த மாத்திரையில் வலி நின்றுவிட்டது. அப்படியென்றால் எனக்கும் நிற்கும்தானே? புருஷன் சாப்பிட்டு மிச்சம் வைத்ததைச் சாப்பிட்டே பழகியவருக்கு, அவருடைய மாத்திரையில் ஒன்றை எடுத்துக்கொள்வதில் ஒரு விகற்பமும் தோன்றவில்லை. அன்றிலிருந்து மணிவேலின் மாத்திரையை இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். தன்னுடையதைப் பிரித்துச் சாக்கடையில் போட்டார்.

"உங்க மாத்திர தீந்துபோச்சுங்க," என்றால் மணிவேல் வாங்கி வருவார். அதற்குள்ளாகவா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

வலி குறைந்தது. நான் செய்ய வேண்டிய ஒப்பீட்டைச் சிந்தாமணி தன் காலை வைத்தே செய்து பார்த்துவிட்டார். ஆனால் அதில் ஒன்று விட்டுப்போயிற்று: அளவு. ஸ்டென்ட் வைத்த இதயத்துக்கு அந்த ஐந்து மில்லிகிராம் போதாது. அதை அவருக்குச் சொல்ல ஆளில்லை, ஏனென்றால் கேட்க அவருக்கு வாய் கொடுக்கவில்லை.

இதைப் படித்துவிட்டு "அறியாமை" என்று உச்சுக் கொட்டுகிறவர்கள் தயவுசெய்து இந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

5

மணிவேலைக் கெட்டவராக எழுதினால் எனக்கு வேலை சுலபம். முதல் பிரதியில் அவருக்குக் குடிப்பழக்கம் கொடுத்தேன். சிந்தாமணியை ஓர் அறை விடவும் வைத்தேன். ஒட்டவில்லை. நெஞ்சு வலி வந்த அன்று மனைவியை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடியவர் அவர். திருச்சி ஆஸ்பத்திரித் தரையில் உட்கார்ந்து, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதவர். சிந்தாமணிக்கு ஒன்று என்றால் அவருக்கு உயிர் போய்விடும். ஆனால் சிந்தாமணி பேசினால் டாக்டரின் நேரம் போய்விடும் என்று நினைக்கிறார். கெட்டவர்மேல் கோபப்பட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இந்த நல்லவரை நான் என்ன செய்வது?

அரியலூரிலிருக்கும் என் தோழி ஜெயசித்ராவுக்கு அதுவரை எழுதியதை அனுப்பினேன். போன் செய்தாள். சிமெண்ட் லாரிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள்.

"ஏண்டி, அந்தப் பொம்பள உன் கதையில எங்கயாச்சும் பேசியிருக்காளா பாரு."

பார்த்தேன். இரண்டு இடம். ஒன்று பாதியில் நின்றது. இன்னொன்று, மணிவேலுக்கு மாத்திரை தீர்ந்துபோன செய்தி.

"அந்த டாக்டருக்கும் உனக்கும் என்னடி வித்தியாசம்? அவராச்சும் வூட்டுக்காரரக் கேட்டாரு. நீ யாரையுமே கேக்கல."

எனக்கு ஆத்திரமாக வந்தது. அவள் சொன்னது சரி என்பதால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வந்தது.

6

அடுத்த ரத்தப் பரிசோதனையில் சிந்தாமணியின் கெட்ட கொழுப்பு ஏறியிருந்தது.

"அறுபத்தஞ்சு இருந்துச்சு. இப்ப தொண்ணூத்தெட்டு காட்டுதே," என்றார் டாக்டர், மணிவேலிடம். "மாத்திர ஒழுங்கா சாப்பிடுறாங்களா?"

"நானே பக்கத்துல இருந்து பாக்குறேன் சார். ஒரு நாள் தவறாது."

(உண்மைதான். பக்கத்தில்தான் இருக்கிறார். பேப்பர் படித்துக்கொண்டு.)

"அப்ப சாப்பாட்டுலதான் கோளாறு."

"வாயக் கட்டுறதில்ல சார். சொன்னா எங்க கேக்குறா?"

"கால் வலி?"

"இப்ப சுத்தமா இல்ல சார். நீங்க குடுத்த கால்சியம் நல்லா வேல செஞ்சிருச்சு."

டாக்டருக்குத் திருப்தி. எண்பது மில்லிகிராமை அப்படியே வைத்து, கூடவே இன்னொரு கொலஸ்ட்ரால் மாத்திரையும் எழுதத் தொடங்குகிறார்.

பேனா ஓடிக்கொண்டிருக்கும் இந்த இடத்தில் கதையை நிறுத்தி வைத்திருக்கிறேன். சிந்தாமணி உண்மையைச் சொன்னால் இரண்டு பேரிடமும் திட்டு வாங்குவார். சொல்லாவிட்டால் அடுத்த மாரடைப்புக்குக் கதவு திறந்தபடி இருக்கும். சொன்னால் வழி இல்லாமல் இல்லை: தசைக்கான பரிசோதனை, தைராய்டுப் பரிசோதனை, அவருடைய இதயத்துக்குப் போதுமான அளவில் ரோசுவாஸ்டேட்டின், அதுவும் ஒத்துக்கொள்ளாவிட்டால் குறைந்த அளவோடு வேறு வகை மாத்திரை ஒன்று. இதெல்லாம் டாக்டருக்குத் தெரியாததல்ல. மணிவேலுக்கு அத்தனை பக்குவமாகச் செய்தவர்தானே. அவருக்குத் தெரியாத ஒரே விஷயம் சிந்தாமணியின் வாயில் இருக்கிறது.

7

முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ. மணிவேல் டப்பாக்களைத் திறந்து பார்த்து உண்மையைக் கண்டுபிடிக்கிறார். கண் கலங்குகிறார். டாக்டரிடம் ஓடி எல்லாவற்றையும்—

[இதிலும் அவர்தான் பேசுகிறார்.]

ஆ. சத்துணவுக் கூடத்தில் பிள்ளைகள் தட்டோடு வரிசையில் நிற்கும்போது சிந்தாமணி மார்பைப் பிடித்துக்கொண்டு—

[முடியாது. நாலு ஆண்கள் திருந்துவதற்காக ஒரு பெண்ணைச் சாகடிக்கும் கதைகள் நம்மிடம் வேண்டிய மட்டும் இருக்கின்றன. கூட ஒன்றைச் சேர்க்க மாட்டேன்.]

இ. சிந்தாமணி மேசையைத் தட்டி எழுந்து ஒரு நீண்ட வசனம் பேசுகிறார்.

[எழுதினேன். பிரமாதமாக வந்தது. வாசித்துப் பார்த்தால் அத்தனையும் என் குரல்.]

நாலாவது முடிவு கிடைக்கவில்லை. ஜெயசித்ராவைக் கூப்பிட்டேன்.

"எழுதுறவ நீதானே?" என்றாள். "உள்ள போயேன்."

8

போகிறேன். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் அடுத்த நோயாளி நான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"சார், உங்க வண்டி வழிய மறிச்சு நிக்குதாம்," என்கிறேன் மணிவேலிடம். "எடுக்கச் சொல்றாங்க."

பொய்தான். கதை எழுதுகிறவளுக்கு அந்த உரிமைகூட இல்லையா? மணிவேல் அவசரமாக வெளியே போகிறார். நான் கதவைச் சாத்துகிறேன்.

டாக்டர் நிமிர்ந்து பார்க்கிறார். "என்னம்மா, வீட்டுக்காரர் எங்க போறாரு? அவரு வரட்டும், எப்படிச் சாப்பிடணும்னு சொல்றேன்."

கேட்டீர்களா? நோயாளி எதிரே உட்கார்ந்திருக்கிறார். மாரடைப்பு அவருக்கு வந்தது. ஸ்டென்ட் அவர் நெஞ்சுக்குள் இருக்கிறது. மாத்திரை அவர் வயிற்றுக்குள் போக வேண்டும். அதைச் சொல்வதற்கு இந்த மனிதருக்கு வீட்டுக்காரர் வேண்டியிருக்கிறது!

"நோயாளி இவங்க சார்," என்கிறேன். "இவங்களக் கேளுங்க."

"நீங்க யாரு?"

"இதெல்லாம் எழுதுறவ."

டாக்டருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பேனா நிற்கிறது. முதல் தடவையாகச் சிந்தாமணியின் முகத்தைப் பார்க்கிறார். "என்னம்மா? என்ன செய்யுது?"

சிந்தாமணி என்னைப் பார்க்கிறார். நான் வாயை இறுக்க மூடிக்கொள்கிறேன். அது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. அவர் எழுந்து, மணிவேல் உட்கார்ந்திருந்த நாற்காலிக்கு மாறி உட்காருகிறார். தொண்டையைச் செருமிக்கொள்கிறார்.

"சார், அந்தப் பெரிய மாத்திரைய நான் சாப்பிடுறதே இல்லீங்க. ஏன்னாக்க—"

ஏன் என்று நான் எழுத மாட்டேன். அவர் சொல்லட்டும். அதற்குள் கதவு தடதடவென்று தட்டப்படுகிறது.

"சிந்தா! உள்ள என்ன பேசிக்கிட்டு இருக்க? சாரு நேரத்த வீணாக்காத. இரு, நான் வந்து சொல்றேன்."

டாக்டரின் கண் கதவுப் பக்கம் போகிறது. நான் முதுகைக் கொடுத்துக் கதவை அடைத்துக்கொண்டு நிற்கிறேன். ஆலையில் வேலை பார்த்த உடம்பு, ஓய்வு பெற்றாலும் பலம் குறையவில்லை. கதவு விரலளவு திறந்தே விட்டது. என் ஒருத்தியால் தாங்க முடியாது. அந்த அம்மாள் இப்போதுதான் பேசவே ஆரம்பித்திருக்கிறார். நீங்கள் என்ன, உட்கார்ந்த இடத்தில் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்? எழுந்து வந்து இந்தக் கதவைக் கொஞ்சம் பிடியுங்கள்.