கொக்கி மாட்டுவதற்கு முன்

"லைசென்ஸ் வந்துடுச்சுங்க! இனிமே நீங்களே எல்லா இடத்துக்கும் ஓட்ட வேணாம்."

"ஏன், என் டிரைவிங்குக்கு என்ன குறைச்சல்? நீ பக்கத்துல மகாராணி மாதிரி உக்காந்து வா, போதும்."

அன்று அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு எத்தனையோ விருந்துகள். அவன் குடித்துவிட்டு வண்டியை எடுப்பான். வாசலில் மாமியாரும் நாத்தனாரும் கையசைப்பார்கள். அத்தனை பேர் முன்னால் சாவியை எப்படிக் கேட்பது? வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு, கதவின் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொள்வாள். பின் சீட்டில் மகள் தூங்கிக்கொண்டிருப்பாள்.

இன்று கொழுந்தனுக்குப் பதவி உயர்வு விருந்து. மண்டபத்து கேட்டைத் தாண்டியதுமே போலீஸ் மறித்து அவனை ஊதச் சொன்னது. இப்போது அவன் ஜீப்புக்குள் இருந்தான். சொந்தபந்தம் முழுக்க நடைபாதையில் நின்றது. நடுரோட்டில் நின்ற காரைச் சுற்றி வந்து பார்த்த இழுவை வண்டிக்காரர் கையுறையை மாட்டிக்கொண்டார்.

"கைதானவர் வண்டியை ரோட்டுல விட முடியாதும்மா," என்றார் இன்ஸ்பெக்டர். "லைசென்ஸ் இருக்கணும், குடிச்சிருக்கக் கூடாது. அப்படி ஒருத்தரை இவரே வாயால சொன்னா ஒப்படைச்சுடுவோம். இல்லேன்னா இழுத்துட்டுப் போக வேண்டியதுதான். அதுதான் விதி."

"என் தம்பி எடுத்துட்டுப் போவான் சார்," என்றான் அவன்.

தம்பி மிடுக்காக முன்னால் வந்து, நடைபாதை விளிம்பில் தடுக்கினான்.

"இவரா? இவர் ஊதினா என் மெஷின் மயங்கி விழுந்துடும். வேற ஆள் சொல்லுங்க."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அவளுக்கு முகம் எரிந்தது.

"அண்ணிகிட்ட லைசென்ஸ் இருக்கே!" என்றாள் நாத்தனார்.

"அவளுக்குப் பழக்கமில்ல சார்," என்றான் அவன், குனிந்த தலை நிமிராமல்.

பழக்கம் இருந்தது. தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தங்கையின் காரை எடுத்துக்கொண்டு ஊரைச் சுற்றுவாள். ஏதோ திருட்டுத்தனம் செய்ததுபோல அதை அவனிடம் சொன்னதே இல்லை. இப்போது அவனைவிட அதுதான் அவளைத் தலைகுனிய வைத்தது.

இழுவை வண்டியின் கொக்கிச் சங்கிலி கலகலவென்று இறங்கியது. தோளில் தூங்கிய மகளை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டு ஜீப்பின் ஜன்னலுக்குப் போனாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு நல்லா ஓட்டத் தெரியும்ங்க. எத்தனையோ நாள் கேட்க நினைச்சு வாயை மூடிக்கிட்டேன். இப்ப சார்கிட்ட என் பேரைச் சொல்லுங்க. இன்னைக்கு மட்டும் இல்ல, நீங்க குடிக்கிற எல்லா நாளும்... சாவியை என்கிட்ட கொடுத்துடுங்க."